ஆஜர் புத்தகத்தில் மூன்று ஞாயிறுகள்

ஏசுஅடிமையைக் குலசேகரத்தில் பலருக்குப் பிடிக்காது. சந்தைக்குப் பக்கத்திலுள்ள ஒரு ரப்பர்க் கடையில் ஷீட்டுகளைத் தரம் பிரிப்பது அவர் வேலை. வாசலில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்று, ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடிப்பார். கடுகளவு காற்றுக் குமிழ் தெரிந்தால் போதும், ஷீட் கீழ்த்தர அடுக்குக்குப் போய்விடும். கொண்டுவந்தவர் கெஞ்சினாலும் திட்டினாலும் அது திரும்பி மேலே வராது.

“ஓய், எங்கவே குமிழ்? எனக்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல்லியே.”

“உமக்க கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் என்ன செய்ய?”

இப்படிப் பேசியே ஐம்பத்து மூன்று வயதுக்கு வந்துவிட்டார். ரப்பர்க்காரர்கள் தவிர இன்னும் பதினொரு பேருக்கு அவரைப் பிடிக்காது. அதற்குக் காரணம் ஐஸ் ஹாக்கி.

கத்தாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் முகாமில் ஏசுஅடிமை டைம் கீப்பராக இருந்தார். அதே முகாமில் ஞானசிங் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். இருவரும் பொன்மனைப் பக்கத்துக்காரர்கள். கனடாவிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் பழைய லேப்டாப்பை ஞானசிங்கிடம் விட்டுப்போனார். அதில் ஐஸ் ஹாக்கிக்கான ஒரு புரோகிராம் இருந்தது. அணியை நாம் சேர்க்க வேண்டும். வீரர்களுக்குப் பெயர் வைத்து, இந்த வாரம் யார் ஆடுவது, யாருக்கு ஓய்வு என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஆட்டத்தை இயந்திரமே ஆடி முடித்துவிடும். படம் கிடையாது, சத்தம் கிடையாது. கடைசியில் எண்கள் மட்டும் வரும்.

ஊர் திரும்பிய ஞானசிங் குலசேகரத்தில் ஜெராக்ஸ் கடை போட்டார். கூடவே பன்னிரண்டு அணிகள் கொண்ட ஒரு லீக்கையும் தொடங்கினார். மலையோரத்தில் ஆறு பேர், கடற்கரையில் ஆறு பேர். ஒருவர்கூட ஐஸ் ஹாக்கியைப் பார்த்ததில்லை. “ஐஸ் மேல மீனு கிடக்கும். மனுசன் எப்படிவே ஓடுவான்?” என்று கேட்ட குறும்பனை மீனவர் மரியானும் ஓர் அணியை எடுத்துக்கொண்டார். ஆட்டத்தில் அடிப்பது பந்தல்ல, ரப்பர் வட்டு என்று தெரிந்ததும் மலையோரத்துக்காரர்களுக்கு ஒரு மிதப்பு வந்தது. ரப்பர் எங்களுடையது என்று அவர்கள் சொல்ல, அப்படியென்றால் ஐஸ் எங்களுடையது என்று கடற்கரைக்காரர்கள் சொல்ல, சண்டை முதல் வாரமே தொடங்கிவிட்டது.

ஜூன் முதல் மார்ச் வரை ஒரு சீசன். நாற்பது ஞாயிறு, நாற்பது ஆட்டம். மாலை ஐந்து மணிக்கு ஞானசிங் பொத்தானை அழுத்துவார். ஒரு வீரனுக்கு எட்டு சீசன் ஆயுள், அதன்பிறகு அவன் ஓய்வு பெற்றுவிடுவான். புரோகிராமுக்கு ஒரு குறை இருந்தது. ஒரு வீரன் இடைவிடாமல் எத்தனை ஆட்டம் ஆடினான் என்கிற கணக்கை அது சீசன் முடிந்ததும் மறந்துவிடும். அதைக் கையால் எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஏசுஅடிமை முன்வந்தார்.

அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. கத்தாருக்குப் போகும் முன் ஒரு தனியார் ரப்பர் எஸ்டேட்டில் ஒன்பது வருடம் ஆஜர் எழுதியவர். விடியும் முன்பே பால்வெட்டுக்காரர்கள் வரிசையாக வந்து பெயர் கொடுப்பார்கள், அவர் எழுதுவார். அந்த எஸ்டேட்டில் ஒரு நடைமுறை உண்டு. மழையால் வெட்டு நடக்காவிட்டாலும், வந்து பெயர் கொடுத்தவனுக்கு ஆஜர். வராதவனுக்கு இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்க ஆஜர் புத்தகத்தில் கட்டம் கிடையாது. ஏசுஅடிமை கற்ற தொழில் அதுதான். லீக்கின் புத்தகத்தையும் அப்படியே நடத்தினார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு ‘உடைக்க முடியாதவை’ என்று தலைப்பு. மொத்தம் ஐந்து சாதனைகள். அவற்றில் இரண்டு ஏசுஅடிமையின் கோல்கீப்பர் பொன்னையனுடையவை. முதலாவது, 2012-இல் சீசன் முடியும் தறுவாயில் சேர்ந்ததிலிருந்து 2019 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை, முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை ஒரு வாரம்கூட ஓய்வில்லாமல் தொடர்ந்து 287 ஆட்டங்கள். இரண்டாவது, ஆட்டத்துக்குச் சராசரி 29.00 தடுப்புகள்.

தொடர்ந்து நின்றால் கோல்கீப்பர் களைத்துப்போவான். களைத்தால் காயம் படும். மற்றவர்களில் பெரும்பாலோர் பத்துப் பதினைந்து வாரத்துக்கு ஒருமுறை மாற்று ஆளை நிறுத்தினார்கள். ஏசுஅடிமையோ முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, கோல் அடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, பொன்னையனைக் காப்பாற்றினார். அதனால் ஒரு சீசனிலும் கோப்பை வாங்கவில்லை. 2021-இல் புரோகிராமின் புதிய பதிப்பு வந்தது. பத்து ஆட்டத்துக்கு மேல் எந்தக் கோல்கீப்பரையும் அது தொடர்ந்து நிறுத்த விடாது. ஆகவே அந்தப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அது இனி அங்கேயே இருக்கும்.

ஏசுஅடிமை இதை யாரையும் மறக்க விடவில்லை. வாட்ஸப் குழுவில் யாராவது தங்கள் கோல்கீப்பரைப் பற்றி ஒரு வரி பெருமையாகப் போட்டால், அடுத்த நிமிடம் அவரிடமிருந்து 287 என்று ஓர் எண் மட்டும் வரும். கடற்கரைக்காரர்கள் தோற்ற வாரங்களில், “ஐஸை மீனுக்கே வச்சுக்கிடுங்க மக்கா” என்று சேர்த்துக்கொள்வார். பள்ளியில், முகாமில், கடையில் எங்கேயும் அவர் பெயர் முதலில் வந்ததில்லை. இந்த ஒரு தாளில் வந்தது.

இந்த ஏப்ரலில் ஞானசிங் புத்தகம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லோரும் போனில் பார்க்கும்படி வைக்க முடிவு செய்தார். ஏசுஅடிமை பதினான்கு நோட்டுகளைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் வேலை முடிந்து நோட்டுகள் திரும்பி வந்தன. அன்று சாயங்காலமே குழுவில் லீமாவின் குரல் வந்தது.

லீமா மரியானின் தங்கை. கொளச்சல் பக்கத்தில் ஓர் ஐஸ் பிளான்ட்டில் வெளியே போகும் கட்டிகளை எண்ணி எழுதும் வேலை. 2018 மார்ச்சில் மரியான் படகுத் தொழிலையே விட்டுவிட்டு மஸ்கட்டுக்குப் போனபோது அணியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

“சூசைன்னு ஒரு கோல்கீப்பர் எங்க அணியில உண்டும். அவனுக்குத் தொடர்ச்சி 157-ன்னுதான் இவ்வளவு வருசமும் கேட்டிருக்கேன். அண்ணன் இடையில ஓய்வு குடுத்திருப்பான்னு நெனச்சேன். இன்னைக்குதான் புத்தகத்தைப் பாக்கேன். 2017 டிசம்பர் 3 வரவில்லை. 10 வரவில்லை. 17 வரவில்லை. கணக்குப்பிள்ளை சாரே, அந்த மூணு ஞாயிறும் என்ன நடந்துதுன்னு உமக்குத் தெரியாதா?”

எல்லோருக்கும் தெரியும். நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. மலையோரத்தில் ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாக முறிந்து கிடந்தன. ஞானசிங்கின் கடையில் மூன்று வாரம் கம்ப்யூட்டர் ஓடவில்லை. அந்த சீசன் முப்பத்தேழு ஆட்டத்தோடு முடிந்தது. ஆனால் ஏசுஅடிமை அந்த மூன்று ஞாயிறும், விழுந்த மரங்களைத் தாண்டி நாலு கிலோமீட்டர் நடந்து, அணிப் பட்டியலை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுபோய் ஞானசிங்கின் கையில் கொடுத்தார். வந்து பெயர் கொடுத்தாயிற்று. ஆகவே பொன்னையனுக்கு மூன்று ஆஜர். சீட்டு அனுப்பாத அணிகளுக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதினார். அவை பெரும்பாலும் கடற்கரை அணிகள். மற்றவர்களின் தொடர்ச்சி பத்து, பதினைந்து என்று இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. சூசை 157-இல் அறுந்தான். புயலுக்குப் பிறகு, முதலில் மரியான் கையிலும் பிறகு லீமா கையிலும், 2021 வரை இன்னும் 131 ஆட்டம் ஒரு வாரமும் விடாமல் நின்றான்.

இரண்டையும் சேர்த்தால் 288.

அடுத்த நாள் லீமா பஸ் ஏறிக் குலசேகரத்துக்கே வந்துவிட்டாள். ரப்பர்க் கடையில் ஏழெட்டுப் பேர் ஷீட்டோடு நின்றார்கள். அவள் வரிசையைத் தாண்டி முன்னால் போனாள்.

“லீமான்னா நான்தான்.”

ஏசுஅடிமை கையிலிருந்த ஷீட்டைத் தாழ்த்தவில்லை. “வரிசையில நில்லு.”

“நான் ரப்பர் விக்க வரல்ல. அந்த மூணு நாளு ஆட்டம் நடந்துதா இல்லியா? அதைச் சொல்லும்.”

“நான் பேர் குடுத்தேன். உனக்க அண்ணன் குடுக்கல்ல.”

“எங்க அண்ணன் அப்ப எங்க நின்னான் தெரியுமா?”

“எங்க நின்னான்னு புத்தகம் கேக்காது. வந்தானா இல்லியான்னுதான் கேக்கும்.”

வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், “எந்திர மனுசன்டே இவன்” என்று சத்தமாகவே சொன்னார்.

மரியான் நவம்பர் 29-ஆம் தேதி கடலுக்குப் போனவர். எஞ்சின் நின்ற படகு லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கியது. இருபத்திரண்டாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். அதுவரை லீமாவும் அவள் அம்மாவும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய், கொண்டுவந்து கிடத்தியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீமா இதையெல்லாம் கடையில் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

“சரி. பொன்னையன் 287 ஆட்டம் ஆடினான். மொத்தம் எத்தனை தடுத்தான்?”

“எண்ணாயிரத்து இருநூத்தி முப்பத்தாறு.” யோசிக்காமலே சொன்னார்.

“சராசரி?”

“இருபத்தொன்பது.”

லீமா போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “8236-ஐ 287 ஆல வகுத்தா 28.70 வருது. 284 ஆல வகுத்தாத்தான் சரியா இருபத்தொன்பது. பொன்னையன் எத்தனை ஆட்டம் ஆடினான், சாரே? இங்க ஒரு கணக்கு, அங்க ஒரு கணக்கா?”

ஏசுஅடிமை ஷீட்டைக் கீழே வைத்தார். தொடர்ச்சி அவர் கையால் எழுதியது. சராசரி புரோகிராம் தந்தது. அது தான் ஓட்டிய ஆட்டங்களை மட்டும் எண்ணியது. இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு வருடம் இருந்தும், ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

“கள்ளன்” என்றாள் லீமா. வந்த வழியே போய்விட்டாள்.

அன்றிரவுக்குள் குழுவில் எல்லோரும் வகுத்துப் பார்த்துவிட்டார்கள். சராசரியில் இரண்டாம் இடத்தில் திற்பரப்பு ஆன்றோவின் கோல்கீப்பர் 28.81-இல் இருந்தான். “அண்ணே, 287-ஐ நீங்களே வச்சுக்கிடுங்க. சராசரியை இங்க தாங்க” என்று ஆன்றோ எழுதினான். கூடவே கைகூப்பும் படம். “மூணு நாளு காத்தைத் தடுத்தானா பொன்னையன்?” என்று இன்னொருவர் கேட்டார். ஏசுஅடிமைக்கு ஆதரவாக ஒரு வரிகூட வரவில்லை. பதினான்கு நோட்டு எழுதியவருக்கு இது நியாயமா என்று கேட்கவும் ஆள் இல்லை. ஏனென்றால் அந்தப் பதினான்கு நோட்டிலும் அவர் யாருக்கும் ஓர் எண்ணையும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஞானசிங் கடையிலிருந்து கூப்பிட்டார். “அண்ணே, புத்தகம் உங்களுக்கது. நான் கை வைக்க மாட்டேன். ஆனா ரெண்டும் நிக்காது. 287 வேணும்னா சராசரியைக் குறையுங்க. இருபத்தொன்பது வேணும்னா 284-ன்னு எழுதணும். அப்படி எழுதினா அந்த மூணு நாளும் ஆட்டமே இல்லன்னு ஆவும். சூசைக்க வரவில்லையும் போவும்.”

“நீயும் சீட்டை வாங்கினியே? மூணு வாட்டியும் கை நீட்டி வாங்கினியே?”

“நீங்க அத்தனை மரத்தையும் ஒக்கத் தாண்டி வந்து நிக்கிய. வாங்காம என்ன செய்ய? பாவம்னு வாங்கினேன்.”

பாவம் என்ற சொல் அவரைக் கள்ளன் என்றதைவிட அதிகமாகச் சுட்டது. போனை வைத்துவிட்டார். திருத்துவதற்கு ஞாயிறு ஐந்து மணி வரை ஞானசிங் தவணை தந்திருந்தார்.

வீட்டில் மனைவி ரீத்தா மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் அவரைத் தெரியும்.

“நாலு நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்கிய. அவ சொன்னது பொய்யா?”

“கணக்கு சரி.”

“பின்ன?”

“கள்ளன்னு சொன்னா. நாலு பேரு கேக்கச் சொன்னா.”

“அந்தப் பயலை வரல்லன்னு நீங்க எழுதினதை எத்தனை பேரு படிச்சாவ?”

“நான் வழக்கப்படி எழுதினேன்.”

“உங்க வழக்கத்தைக் கொண்டு கறி வையுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

சனிக்கிழமை அவர் மஸ்கட்டுக்குப் போன் செய்தார். மரியானுக்கே அக்கறை இல்லையென்று வந்துவிட்டால் லீமாவின் வாய் அடங்கும், புத்தகத்தை இருந்தபடி விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். ஏழு வருடத்தில் முதல்முறை பேசுகிறார். நலமா என்று கேட்கவில்லை.

“288 உமக்கு வேணுமா, வேண்டாமா?”

மறுபக்கத்தில் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. “எனக்கு ஒரு எளவும் வேண்டாம். நான் அதை விட்டு வருசம் எத்தனை ஆச்சு.”

“அப்ப உமக்க தங்கச்சிகிட்ட சொல்லும்.”

“சொல்லுதேன். ஆனா ஒண்ணு. நான் வரல்லன்னு எழுதி வச்சிருக்கீராமே?” மரியானின் குரல் உயரவில்லை. “வரல்லன்னு யாரும் என்னைச் சொல்லப்பிடாது, ஓய். நீந்தியாவது வந்திருப்பேன். கரை எந்தப் பக்கம்னு தெரியல்ல. அவ்வளவுதான்.”

தொடர்பை அவரே துண்டித்தார்.

ஞாயிறு நாலரை மணிக்கு ஏசுஅடிமை 2017-ஆம் வருடத்து நோட்டையும் சாதனைப் பக்கம் உள்ள கடைசி நோட்டையும் எடுத்துக்கொண்டு ஞானசிங்கின் கடைக்குப் போனார். லீமா முன்பே வந்து, ஜெராக்ஸ் இயந்திரத்தின் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஞானசிங் இருவருக்கும் டீ வரவழைத்தார். இருவரும் குடிக்கவில்லை.

ஏசுஅடிமை முதலில் கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, 287-இன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, 284 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். சராசரியைத் தொடவில்லை. அடுத்து, பொன்னையனின் வரிக்கு மேலே கிடந்த சிறிய இடத்தில், சூசை, 288 என்று நெருக்கி எழுதினார். அணி உரிமையாளர் கட்டத்தில் மரியான், லீமா என்று இரண்டு பெயரும் வந்தன. முகம் கறுத்திருந்தது.

“கள்ளன்னு சொன்னியே” என்றார், தலையைத் தூக்காமல். “கள்ளனா இருந்தா சராசரியையும் 287 ஆல வகுத்து மாத்தி வச்சிருப்பேன். உனக்கு ஒரு மயிரும் தெரிஞ்சிருக்காது.”

“வாய அளந்து பேசும்” என்றாள் லீமா. “கள்ளன் இல்லன்னா போட்டும். உமக்க மூணு நாளை நீரு அடிச்சாச்சு. எங்க அண்ணனுக்க மூணு நாளு?”

அவர் 2017 நோட்டில் டிசம்பர்ப் பக்கத்தைத் திறந்தார். சூசையின் வரியில் மூன்று கட்டங்களிலும் ‘வரவில்லை’ என்று சிறிய, நேரான எழுத்துகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு இழுத்தார். அடித்த பிறகும் எழுத்து நன்றாகத் தெரிந்தது.

“இன்னும் வாசிக்க முடியுது. கறுப்பாக்கும். ஒண்ணும் தெரியப்பிடாது.”

“தெரியணும். தப்பா எழுதினதும் தெரியணும், நான் அடிச்சதும் தெரியணும். கறுப்பாக்கினாத்தான் கள்ளத்தனம்.”

ஞானசிங் இடையில் புகப் பார்த்தார். “ஏட்டி லீமா, போனுல அது வராது. போனுல புதுசு மட்டும்தான்...”

“நான் உங்ககிட்ட கேக்கல்ல, அண்ணே.”

ஏசுஅடிமை முதல் கட்டத்தில், அடித்த சொல்லுக்கு மேலே, ‘ஆட்டம் இல்லை. மின்சாரம் இல்லை’ என்று எழுதினார். லீமா குனிந்து படித்தாள்.

“மின்சாரம் இல்லியா?”

“இல்லதான. கரண்டு இருந்தா ஞானசிங் ஆட்டத்தை ஓட்டியிருப்பான். நடந்ததைத்தான் எழுதுவேன்.”

“கரண்டு ஏன் இல்ல?”

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். கேள்வியில் பிழை இல்லை. முதல் காரணம் இருக்க, இரண்டாம் காரணத்தை மட்டும் எழுதுவது சரியான பதிவாகாது. ‘மின்சாரம்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு குறி போட்டு, மேலே ‘ஒக்கிப் புயல்’ என்று சேர்த்தார். கையெழுத்து, தேதி. இரண்டாம் கட்டத்தில் ‘மேற்படி’ என்று எழுதினார். மூன்றாவதிலும் ‘மேற்படி’ எழுதப் போனார்.

“மேற்படி வேண்டாம்” என்றாள் லீமா.

“புத்தகத்துல அப்படித்தான் எழுதுவாவ.”

“வரவில்லைன்னு எழுதும்போ மேற்படி போட்டீரா? மூணு வாட்டி முழுசா எழுதினீரே. இதையும் மூணு வாட்டி எழுதும்.”

ஞானசிங் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாக இரண்டு நிமிடம்.

ஏசுஅடிமை அவளைப் பார்த்தார். பார்வையில் வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவளும் அதே மாதிரிதான் பார்த்தாள். பிறகு அவர் ‘மேற்படி’யை ஒரு கோட்டால் அடித்தார். கட்டத்தில் இடம் குறைவாக இருந்ததால் எழுத்துகளை இன்னும் சிறிதாக்கி, டிசம்பர் பத்துக்கு நேரே எழுதினார்: ஆட்டம் இல்லை. ஒக்கிப் புயல், மின்சாரம் இல்லை. கையெழுத்து, தேதி. அடுத்து டிசம்பர் பதினேழுக்கு நேரே. அவர் எழுதி முடிக்கும்வரை, அவள் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணுகிறவளைப் போலக் குனிந்தே நின்றாள்.